விளக்குக்கு மூன்று பக்கம் கண்ணாடி

அன்புள்ள அண்ணே,

இன்று பௌர்ணமி. காலையில் குளித்து முடித்து, சாமிக்குப் பூ வைப்பதற்கு முன்பே ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹாலைக் குளிர வைக்கும் ஏர்கோன் மிஷின் மூடியைத் திறந்து, உள்ளே தூசியைப் பிடிக்கும் இரண்டு வலைகளையும் கழற்றிக்கொண்டு பின்வாசல் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் பட்டதும் அந்த வாடை எழுந்தது. நனைந்த தூசி, அதில் கொஞ்சம் சாம்பிராணி, கொஞ்சம் நல்லெண்ணெய், கொஞ்சம் அவருக்குத் தேய்த்துவிடும் தைலம். பதினைந்து நாளாக எங்கள் ஹாலில் நடந்தது எல்லாம் அந்த வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். "வலை மேல கோவத்தைக் காட்டாதீங்க தங்கச்சி, கிழிஞ்சிடும்" என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. எனக்கு என்ன கோபம்? முதலில் சிரிப்பு வந்தது. பிறகு குழாயை மூடிவிட்டு வலைகளை நிழலில் சாய்த்துவைத்தேன்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்து உங்களுக்காக நடந்த ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து உங்களைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, நோட்டில் எழுதித்தான் பழக்கம். அதனால் அந்தப் பழைய நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு எழுதுகிறேன். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரும் நீங்களும் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த கதவில் வளர்ந்தவர்கள். நீங்கள் வேதக்கார வீடு, சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவருடைய அப்பா மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடித்தவர். என் வீட்டுக்காரர் தோட்டத்துச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டப் போனார், நீங்கள் ஏர்கோன் வேலைக்குப் போனீர்கள். அவர் உங்களுக்கு மச்சான். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் உங்களுக்குத் தங்கச்சி. நமக்குள் இருந்த உறவுமுறைக்கு வேறு சான்றிதழ் கிடையாது.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன அந்த வருடம் நினைவிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கை கால் மட்டும் இல்லை, பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது "சரி லா" என்ற ஒன்றுதான். கஞ்சி வேண்டுமா என்றாலும் சரி லா, வலிக்கிறதா என்றாலும் சரி லா. நீங்கள் அவர் தலைமாட்டில் நின்று, "கல்யாணமான நாள்லேர்ந்து தங்கச்சிகிட்ட இவன் பேசுன பேச்சே இது ஒண்ணுதான், புதுசா என்னா போச்சி?" என்று கேட்டீர்கள். அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டில் எங்கள் படுக்கையறைக் கதவில் நுழையவில்லை. ஹாலில்தான் போட்டோம். அதே ஹாலில்தான் என் சாமி மேடையும். மேற்குப் பார்த்த வீடு. இரண்டு மணிக்கு மேல் சுவரைத் தொட முடியாது. வியர்வை முதுகுக்கடியில் தேங்கி இடுப்பில் புண் வந்துவிட்டது. வாரம் தவறாமல் கிளினிக்கிலிருந்து வந்துபோகும் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி, அறை குளிர்ச்சியாகவும் காய்ந்தும் இருந்தால்தான் தோல் தாங்கும் என்று சொன்னார். உங்களுக்குப் போன் போட்டேன்.

நீங்கள் வந்ததும் என் தையல் நாடாவை வாங்கி ஹாலை அளந்தீர்கள். பன்னிரண்டு அடி, பதினான்கு அடி. கூரைக்குக் கீழே பலகை இருக்கிறதா, எந்தச் சுவரில் வெயில் விழுகிறது, அடுப்படிக்குக் கதவு உண்டா, திரைதானா என்று கேட்டீர்கள். இவ்வளவு கேள்வி எங்கள் பெண் பார்க்கும் படலத்தில்கூட யாரும் கேட்கவில்லை. கடைசியில், ஒன்றரை எச்.பி. போதும் என்றீர்கள். நான், எதற்கும் இரண்டாகவே போட்டுவிடலாமே அண்ணே என்றேன்.

"வளர்ற புள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி ஏர்கோன் எடுக்கக் கூடாது, தங்கச்சி. ரூமு வளராது."

மாட்டிய அன்றே அதைப் பற்றி எல்லாம் விளக்கினீர்கள். இந்த மிஷின் காற்றை இழுப்பது தலை வழியாக, விடுவது வாய் வழியாக என்று காட்டினீர்கள். நானும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டதுதான் வினையாகிவிட்டது.

அவர் எழுந்து உட்கார வேண்டும் என்று அம்மனிடம் ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு நாள், விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து அவர் கண் அசரும் வரை விளக்கு அணையக் கூடாது. ஏர்கோன் போட்ட முதல் நாள் சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினேன், அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறையும் அணைந்தபோது தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கட்டிலில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டு, எதிரில் திரி கருகிப் புகைவதைப் பார்க்கும் பெண்ணுக்கு என்னென்ன தோன்றும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீங்கள் சாமி கும்பிடும் முறை வேறாக இருந்தாலும், அதைக் கேட்டு நீங்கள் ஒரு நாளும் சிரித்ததில்லை.

காற்றைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். சுடர் அப்போதும் படபடத்தது. மிஷின் வாயில் துணி கட்டினால் பறந்தது. அப்போதுதான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. இழுப்பது தலை வழியாக என்றால் தலையை மூடினால் போயிற்று! அவருடைய வேட்டி ஒன்றை எட்டாக மடித்து, ஸ்டூல் போட்டு ஏறி, மிஷின் தலைமேல் போட்டேன். காற்று தணிந்தது. சுடர் ஆடாமல் நின்றது. வந்த கொஞ்சக் காற்றும் முன்னைவிடச் சில்லென்று, ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. விளக்கும் நிலைத்தது, குளிரும் கூடியது. அம்மனே வழி காட்டினாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மணி நேரத்தில் காற்று அறவே நின்றது. உள்ளே கரகரவென்று சத்தம். பிறகு மிஷினிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் கால்மாட்டை நனைத்தது. ஹால் பிசுபிசுவென்று ஆனது. விரிப்பை மாற்றினேன், மாற்றிய விரிப்பும் ஈரமாகத்தான் இருந்தது. மறுநாள் சாயங்காலமும் அதே கதை.

நீங்கள் வந்தீர்கள். தண்ணீர் போகும் குழாயைப் பார்த்தீர்கள், சரிவு சரியாக இருந்தது. ஓடவிட்டுப் பார்த்தீர்கள், நன்றாக ஓடியது. நான்கு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். காஸ் அளவைப் பார்த்தீர்கள், சரியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று உள்பக்கம் முழுக்கக் கழுவியும் விட்டீர்கள். போகும்போது மிஷினை அண்ணாந்து பார்த்து, "இது என்னைக் கண்டா மட்டும் நல்ல புள்ளையாயிடுது லா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

ஆமாம் அண்ணே. ஏனென்றால் நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் நான் ஏறி அந்த வேட்டியை எடுத்து, மடித்து, அலமாரிக்குள் வைத்துவிடுவேன். வீட்டுக்கு ஆள் வரும்போது மிஷின் தலையில் வேட்டி கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? உங்களிடம் மறைக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அது எனக்கும் அம்மனுக்கும் இடையில் உள்ள காரியம், மிஷினுக்கு அதில் என்ன வேலை என்றுதான் இருந்தேன்.

இதற்கிடையில் மிஸ்ஸி வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். புண்ணைச் சுற்றி வெளுத்து ஊறிப்போயிருந்தது. அவர் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள், ஆனால் இன்னும் இரண்டு வாரத்தில் இது காயத் தொடங்காவிட்டால் வார்டில் சேர்க்கக் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும், அங்கிருந்து திரும்பி வீட்டுக்கே வருவார் என்று சொல்ல முடியாது, பராமரிப்பு இல்லத்தைப் பற்றியும் யோசித்து வையுங்கள். தாழ்ந்த குரலில் சொன்னால் என்ன, திரைக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்டுவிட்டது. நான் திரும்பிவந்தபோது நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலைப் பிரித்தெடுக்க முடியவில்லை. எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். அவர் "சரி லா" என்று சொல்லவில்லை.

மறுநாள் உங்களைக் கூப்பிட்டு, இரண்டு எச்.பி. மிஷின் கொண்டுவாருங்கள், என் வளையலைக் கழற்றி வைத்திருக்கிறேன் என்றேன். நீங்கள் சுங்கை பஞ்சாங்கில் ஒரு அரிசி வியாபாரி வீட்டு வேலையில் இருந்தீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு வந்தீர்கள். மிஷின் கொண்டுவரவில்லை. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "நீங்க எழுதுற நோட்டு ஒண்ணு இருக்கே, அதைக் கொடுங்க" என்றீர்கள்.

ஆறாம் வகுப்போடு நின்ற என் எழுத்தை அதற்கு முன் யாரும் கேட்டு வாங்கிப் படித்ததில்லை. மணி, கொடுத்த மருந்து, எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்தேன், சுவரில் தொங்கும் அளவியில் அறைச் சூடு எவ்வளவு, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். விளக்கு ஏற்றிய நேரத்துக்கு ஒரு 'வி'. மிஷின் சொட்டிய நேரத்துக்குச் சிவப்பு மையில் 'ஈரம்'. நீங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் காலை ஒரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினீர்கள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த மூணு நாளு சிவப்பே இல்லியே, தங்கச்சி. இது என்னா நாளு?"

தீட்டு என்றேன். அவருடைய பங்காளி வழியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார், மூன்று நாள் விளக்கு ஏற்றவில்லை, அதற்கப்புறம் விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தேன் என்றேன்.

நீங்கள் மறுபடி முன்னும் பின்னும் புரட்டினீர்கள். ஒவ்வொரு 'வி'க்கும் கீழே, இரண்டு மணி நேரம் தள்ளி, ஒரு சிவப்பு. 'வி' இல்லாத மூன்று நாளில் சிவப்பும் இல்லை. சின்ன விளக்குச் சூடு ஒரு மிஷினை இந்தப் பாடு படுத்தாதே என்று உங்களுக்குள்ளேயே முனகினீர்கள். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் சாமி மேடையைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"விளக்கு ஏத்துறப்ப வேற என்னா செய்வீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அலமாரியைத் திறந்து அந்த வேட்டியை எடுத்து உங்கள் கையில் கொடுத்தேன். எங்கே போடுவேன் என்று சொன்னேன். இரண்டு தடவை வீணாக உங்களை அலைய விட்டவள், வளையலைக் கழற்றியவள், அவரை வார்டு வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியவள், எல்லாம் ஒரே ஆள் என்று அந்த நிமிடம் தெரிந்தது. நீங்கள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

நீங்கள் ஏசவில்லை. "சரி, தினம் எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க, பார்ப்போம்" என்றீர்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். முதலில் வேட்டி இல்லாமல் ஓடவிட்டீர்கள். உள்ளங்கை அளவு விசிறி வைத்த ஒரு கருவியை மிஷின் வாயில் பிடித்துக் காற்றின் வேகம் பார்த்தீர்கள். வாயின் நீள அகலத்தை என் தையல் நாடாவால் அளந்தோம். பெருக்கினால் நிமிடத்துக்கு முந்நூற்று எண்பது கன அடிக் காற்று. உள்ளே போகும் காற்றின் சூடு இருபத்தாறு டிகிரி, வெளியே வருவது பதினைந்து, வித்தியாசம் பதினொன்று. பிறகு நான் ஏறி வேட்டியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வரும் காற்று எட்டுக்கு இறங்கிவிட்டது. எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள். நான் நினைத்தது சரிதான், இன்னும் சில்லென்றுதானே வருகிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"சில்லுன்னு வருது. ஆனா எவ்வளவு வருது?"

அந்தக் கேள்விதான் அண்ணே. விசிறியைப் பிடித்தீர்கள்: நூற்று நாற்பது. என் நோட்டையும் பேனாவையும் என் கையிலேயே கொடுத்து, நீங்களே பெருக்கிப் பாருங்கள் என்றீர்கள். முந்நூற்று எண்பதைப் பதினொன்றால் பெருக்கினேன்: நாலாயிரத்து நூற்று எண்பது. நூற்று நாற்பதைப் பதினெட்டால் பெருக்கினேன்: இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். சில்லென்று இருப்பது வேறு, அறையிலிருந்து சூடு வெளியே போவது வேறு. குறைந்த காற்று நிறையக் குளிர்ந்தும் பயனில்லை. ஐந்து பங்கில் இரண்டு பங்கைத் தொலைத்துவிட்டு அதைக் கூடுதல் குளிர் என்று கும்பிட்டிருக்கிறேன். காற்றிலிருந்து தண்ணீராக இறங்கிப் போவது இந்தப் பெருக்கலில் வராது, அதுவும் சேர்ந்துதான் பாழாகிறது என்றீர்கள்.

எனக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தும் நீங்கள் அவர் பக்கம் திரும்பி, அவருக்கு ஒரு தடவை சொன்னீர்கள். சத்தமாக, தோட்டத்தில் பேசுவது மாதிரி.

"மச்சான், ரோட்டுல பெரிய லோரியைக் கொண்டாந்து நிறுத்திட்ட. சரி. உள்ளேர்ந்து குலையைத் தூக்கிட்டு வந்து போட ஆளு இல்லாட்டி லோரி என்னாத்தை ஏத்தும்? மிஷினு லோரி மாதிரி. காத்துதான் குலை தூக்குற ஆளு. உன் பொண்டாட்டி ஆளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு, லோரி பத்தலே, பெருசு வாங்கணும்ங்குது."

அவர் உங்களைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. பிறகு, மெதுவாக, உடைந்து, ஆனால் யாரும் தவறாகக் கேட்க முடியாதபடி, "லோரி" என்றார்.

பேச்சு போனதிலிருந்து அவர் பேசிய முதல் புதுச் சொல். நீங்கள் சிரித்துக்கொண்டே அவர் நெற்றியைத் தடவினீர்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். காப்பி வேண்டாம் என்றீர்கள், நான் போட்டுக் கொண்டுவந்தேன், நீங்களும் குடித்தீர்கள்.

ஒன்றரை எச்.பி. என்றால் குளிர்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு டன், ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் நானூறு கன அடிக் காற்று ஓட வேண்டும், நம் ஊர் ஈரத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மிகவும் குறைந்தால் உள்ளே இருக்கும் தகடுகளில் ஐஸ் கட்டி மிச்சக் காற்றையும் அடைத்துவிடும் என்று எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். எழுதிவைத்தேன். இரண்டு எச்.பி. கேட்டேனே, அது என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பெரிய மிஷினுக்கு இன்னும் நிறையக் காற்று வேண்டும், வேட்டி இருந்தால் இன்னும் சீக்கிரம் ஐஸ் கட்டும். வேட்டி இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்தில் ஹாலைக் குளிர வைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது, மச்சான் குளிரில் நனைந்துகொண்டு படுத்திருப்பான் என்றீர்கள். விற்றிருந்தால் உங்களுக்கு லாபம். அதைச் சொல்லிக் காட்டக்கூட இல்லை.

பிறகு விளக்கு. விளக்கை எடுத்துவிடுங்கள் என்று சொல்வீர்கள் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மண்டலத்தில் பத்தொன்பது நாள் பாக்கி.

"நீங்க விளக்கைக் காப்பாத்த மிஷினை மூடிட்டீங்க. விளக்கைச் சுத்தி மூணு பக்கம் மறைச்சா போதும்ல?"

அவ்வளவுதான். அத்தனை நாள் எனக்குத் தோன்றாத ஒன்று. நீங்கள் போய்விட்டு மறுநாள் வந்தீர்கள். இடித்துப்போட்ட லயத்து வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்துவைத்த கண்ணாடிப் பட்டைகளை, ஓரம் தேய்த்து, மூன்று பக்கமும் ஒட்டி, மேற்பக்கமும் முன்பக்கமும் திறந்த ஒரு சின்னக் கூடு செய்துகொண்டு வந்திருந்தீர்கள். அதை மேடையில் வைக்கச் சொன்னேன். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

"மீன் சாப்ட்டுட்டு வந்திருக்கேன், தங்கச்சி. நீங்களே வைங்க."

வைத்தேன். ஏற்றினேன். காற்றை முழு வேகத்தில் வைத்தீர்கள். கண்ணாடிக்குள் சுடர் நிமிர்ந்து நின்றது. அதோடு விடவில்லை, ஒரு ஊதுபத்தி கேட்டு வாங்கி, அதைப் பிடித்தபடி ஹால் முழுக்க நடந்து, புகை போகும் வழியைப் பார்த்தீர்கள். மிஷின் வாயின் பலகையை மேலே தூக்கி, குறுக்கே இருக்கும் சின்னப் பலகைகளைப் பக்கவாட்டில் திருப்பி, மறுபடி நடந்தீர்கள். புகை கூரையை ஒட்டிப் போய், எதிர்ச் சுவரில் இறங்கி, அவர் காலைத் தொட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஏறி, மிஷின் தலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊதுபத்தியோடு அவர் கட்டிலைச் சுற்றி வந்த உங்களைப் பார்த்தால் தீபாராதனை காட்டுவது போலத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். "சர்ச்ல சொல்லிடாதீங்க" என்றீர்கள்.

மிஸ்ஸி சொன்ன இரண்டு வாரம் முடிந்து அவர் வந்தபோது அந்த 'ஈரம்' என்ற சிவப்புச் சொல் பன்னிரண்டு நாளாக நோட்டில் இல்லை. கட்டைப் பிரித்தார். நான் அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்கத் தொடங்கியிருந்தது. கடிதம் வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் நல்ல கையால் கம்பியைப் பிடித்திருந்தார். அது மெல்ல விட்டது. "சரி லா" என்றார். அந்தச் சொல்லில் அத்தனை பொருள் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காற்று மட்டுமே ஆற்றியது என்று சொல்ல மாட்டேன். மருந்து இருந்தது, இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட்ட கை இருந்தது, அம்மன் இருந்தாள். ஆனால் இவையெல்லாம் இருந்தும் ஒரு வேட்டி நடுவில் நின்று அடைத்துக்கொண்டிருந்தது. அதை நீங்கள்தான் எடுத்தீர்கள். எடுத்தபோது என் பக்தியைச் சேர்த்து எடுத்துவிடவில்லை. அதற்குத்தான் இத்தனை வருடமாக நன்றி சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வலையைக் கழுவ வேண்டும், மறந்தால் தூசியே வேட்டியாகிவிடும் என்றீர்கள். மறக்காமல் இருக்க நான் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அதை வைத்துக்கொண்டேன். இதைக் கேட்டதும் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எங்கள் சாமிக்கு நாள் கிழமை கிடையாது தங்கச்சி, உங்கள் சாமி நல்லவர், ஏர்கோனுக்கும் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார் என்று போகிற வீட்டில் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அந்த வீடுகளிலும் அமாவாசைக்கு வலை கழுவத் தொடங்கிவிட்டார்கள் என்று அண்ணி சொன்னார்.

நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று தெரிந்து, சக்கர நாற்காலியில் அவரையும் ஏற்றிக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வந்தோம். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவருக்கு இருபது முப்பது சொல் வந்துவிட்டது. அன்று அந்தக் கையை விடவே இல்லை. உங்கள் அறை வெக்கையாக இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊர் முழுக்க ஏர்கோன் பார்த்தவர் வீட்டு மிஷின் அல்லவா, யாரும் தொடவில்லை. நான் வாயில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று வந்தது. ஆனால் எவ்வளவு வந்தது?

அண்ணியிடம் ஒரு நாற்காலி கேட்டேன். ஏறி வலையைக் கழற்றினேன். கம்பளி போலத் தூசி. குழாயடியில் கழுவி, துடைத்து, மாட்டிவிட்டு இறங்கினேன். காற்று உங்கள் போர்வையின் ஓரத்தை அசைத்தது. கண் மூடியிருந்தீர்கள், தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.

"இன்னிக்குப் பௌர்ணமி இல்லியே, தங்கச்சி."

உங்கள் சாமிக்கு நாள் கிழமை கிடையாதே அண்ணே என்றேன். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்தப் பௌர்ணமிப் பேச்சுதான்.

இப்போது என் வலைகள் காய்ந்துவிட்டன. மாட்டிவிட்டேன். விளக்கு கண்ணாடிக்குள் நிற்கிறது; ஊதுபத்திப் புகை நீங்கள் காட்டிய வழியிலேயே கூரையை ஒட்டிப் போய், இறங்கி, அவர் காலைத் தொட்டுத் திரும்புகிறது. அவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டம்மா வந்துவிட்டார். பல் பிரஷைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருக்கிறேன். பத்து மணி பஸ்ஸுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அண்ணி வீட்டில் இருப்பேன். போன பௌர்ணமிக்கும் போனேன், அதற்கு முந்தியதற்கும் போனேன். அந்த அறையில் இப்போது அண்ணி படுக்கிறார்.

அங்கே அந்த வலையைக் கழுவி மாட்டியதும் கையை நீட்டிப் பார்ப்பேன். காற்று நன்றாக வருகிறது, அண்ணே.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி